புயலுக்கு முன் கூரையைக் கட்டுவோம்

(கட்டுமாவடியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் மீனவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகவும் சாதாரணமானது. அது நம் வீட்டுக் கூரை. விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் கறவை மாட்டைப் பற்றியும் பேசுவதற்கு ஆண்டு முழுவதும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கூரையைப் பற்றிப் பேச நாம் கூடுவதோ, பெரும்பாலும் அது பறந்துபோன பிறகுதான். அப்பொழுது நடைபெறும் பேச்சும் நிவாரணத்தைப் பற்றியதாகவே இருக்குமேயன்றி, கூரை ஏன் பறந்தது, பக்கத்து வீட்டுக் கூரை ஏன் நின்றது என்னும் ஆராய்ச்சியாக இராது. அந்த ஆராய்ச்சியை வானம் வெளுத்திருக்கும் இந்த நாளில் செய்வோம்.

கட்டுமாவடி, புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடியில் உள்ள ஊர். இதற்கப்பால் தஞ்சை மாவட்டக் கடற்கரை தொடங்குகிறது. மீன் சந்தையால் பெயர்பெற்ற இவ்வூருக்குக் கடலே சோறு போடுகிறது. ஊருக்கு உட்புறம் தென்னையும் நெல்லும் உண்டு. இக்கடற்கரைக்குப் புயல் புதிய விருந்தாளி அன்று. 1952ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தருகே ஒரு புயல் கரையேறியது. 1955இல் அதிராம்பட்டினத்தை அடுத்த இராஜாமடத்தின் அருகே மற்றொன்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடி அழிந்த வரலாற்றை அறியாதவர் இலர். 1977 நவம்பரில் மீண்டும் நாகைப் பகுதி. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசி, தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை ஆகிய நான்கு மாவட்டங்களையும் உலுக்கியது. தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. கூரை இழந்த குடும்பங்கள் கிழிந்த தார்ப்பாய்க்கடியில் நாட்களைக் கழித்தன. புயல் வருவதற்கு முன்னரே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் உயிர்ச்சேதம் ஓரளவு தடுக்கப்பட்டது. உயிரோடு திரும்பியவர்கள் வீடு திரும்பினார்கள். அங்கே சுவர் இருந்தது, கூரை இல்லை.

கூரை போனால் கூரை மட்டும் போவதில்லை என்பதை இங்குள்ள தாய்மார்கள் நன்கு அறிவார்கள். மழை நேராக உள்ளே இறங்குகிறது. குதிரில் உள்ள நெல்லும், பெட்டியில் உள்ள பட்டாவும், குடும்ப அட்டையும், பிள்ளைகளின் புத்தகமும் நனைகின்றன. மண் சுவர் ஊறி, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தானே சரிகிறது. ஆகவே கூரையைக் காப்பது, வீட்டையும் வீட்டுக்குள் உள்ள ஓராண்டுச் சம்பாத்தியத்தையும் காப்பதேயாகும்.

முதலில் காலத்தைப் பற்றி ஒரு சொல். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்குகிறது. இக்கரையை நாடிவரும் புயல்களுள் மிகப் பல நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருபவை. எனவே கூரை வேலைக்கு ஆவணியும் புரட்டாசியுமே உரிய மாதங்கள். இந்திய வானிலைத் துறை இந்நாளில் புயல் வருவதை மூன்று நாட்களுக்கு முன்பே உணர்த்தத் தொடங்குகிறது. 48 மணி நேரத்துக்கு முன் விழிப்புச் செய்தியும், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கையும் வருகின்றன. அந்த நேரம் கூரை வேலைக்குப் போதும் என்று எண்ணுவோர் உளர். போதாது. அந்த 24 மணி நேரத்தில் மீனவர் படகை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருப்பார். உழவர் காயை இறக்கிக்கொண்டிருப்பார். தச்சர் ஒருவரும் கிடைக்கமாட்டார். கடையில் கம்பியும் கயிறும் தீர்ந்திருக்கும். கூண்டு ஏற்றியபின் கூரைமேல் ஏறுவது அறிவுடைமை ஆகாது.

இனி, காற்று கூரையை எவ்வாறு கொண்டுபோகிறது என்பதைப் பார்ப்போம். காற்று கூரையை அழுத்தி உடைக்கிறது என்றே நம்மிற் பலர் நினைக்கிறோம். அதனாலேயே கூரைமேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றிவைக்கிறோம். உண்மையோ வேறு. ஒரு பனையோலைத் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்து, அதன் மேற்புறத்தில் ஊதிப் பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்த ஓலை மேலே எழும்பும். காற்று மேற்பரப்பில் விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழேயுள்ள காற்று ஓலையை மேலே தள்ளுகிறது. கூரைக்கும் இதுவே நேர்கிறது. கூரையைக் காற்று கவிழ்ப்பதைவிட உறிஞ்சி எடுப்பதே மிகுதி. இந்த உறிஞ்சல் கூரையின் நடுவில் குறைவு; இறவாரத்திலும், முகட்டிலும், நான்கு மூலைகளிலும் மிகுதி. முதலில் ஒரு மூலை தூக்கும். அந்த வாயில் காற்று நுழைந்தபின் மற்றவை தாமே கழன்றுவிடும்.

இதன் அளவு என்ன என்று கேட்பீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில், அதாவது சற்றேறக்குறைய 11 சதுர அடியில், 17 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது. வேகம் இருமடங்காகி 120 கிலோமீட்டர் ஆனால் விசை இருமடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 68 கிலோ ஆகிறது. 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒரு தகரக் கூரையை எடுத்துக்கொள்வோம். அதன் தகரம் முழுவதும் சேர்ந்து 150 கிலோ இருந்தால் அதிகம். அத்தகைய காற்றில் அதைத் தூக்கும் விசையோ ஏறத்தாழ 2 டன். இப்பொழுது நாலைந்து கல்லை மேலே வைத்ததனால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கட்டாமல் வைத்த கல், காற்று முற்றும்போது உருண்டு, கீழே நிற்பவர் தலையில் விழும். மணல் மூட்டை வைத்தே தீரவேண்டும் என்பவர்கள், இரண்டு மூட்டைகளை ஒரே கயிற்றால் பிணைத்து, முகட்டின் இருபுறமும் தொங்குமாறு, கீழே கைமரம் உள்ள இடத்தில் வைக்கவேண்டும்.

ஆகவே நமக்கு வேண்டுவது பாரம் அன்று, கட்டு. கீற்று வரிச்சோடும், வரிச்சு கைமரத்தோடும், கைமரம் உத்திரத்தோடும், உத்திரம் தூணோடும், தூண் மண்ணோடும் பிணைந்திருக்கவேண்டும். இது ஒரு சங்கிலி. இதில் ஒரு கண்ணி நைந்திருந்தால் மற்றக் கண்ணிகளின் வலிமையால் பயனில்லை. புதுக் கீற்று வேய்ந்து அழகாக இருக்கும் வீட்டில் தூணின் அடிமரத்தைக் கரையான் தின்றிருந்தால், கூரை தூணோடு சேர்ந்து பறக்கும். புரட்டாசியில் உங்கள் வீட்டைச் சுற்றி வரும்போது மேலே பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள் என்று நாம் சொல்வது இதனாலேயே. தூண் மண்ணுக்குள் போகும் இடத்தில் ஒரு கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் அந்தத் தூண் இந்தப் பருவத்தைத் தாங்காது. மாற்றும்போது 3 அடிக்குக் குறையாமல் குழி எடுத்து, புதையும் பகுதிக்குத் தார் பூசி, அடியில் ஒரு குறுக்குக் கட்டையை அறைந்து புதைத்தால், தூண் மண்ணைக் கவ்விக்கொள்ளும். மூலைத் தூண்களுக்கும் உத்திரத்துக்கும் இடையே சாய்வாக ஒரு சட்டம் அடித்தால் வீடு பக்கவாட்டில் ஆடாது.

கீற்று வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். புயலில் முதலில் போவதும் அதுவே. மிகக் குறைந்த செலவில் காக்கக்கூடியதும் அதுவே. நம் முன்னோர் கட்டிய கீற்று வீட்டில் அறிவு இருந்தது. கூரை நாற்புறமும் சரிந்திருக்கும், இறவாரம் தாழ்ந்திருக்கும், குனிந்துதான் உள்ளே போகவேண்டும். இத்தகைய வடிவில் காற்று பிடித்துத் தூக்க இடம் குறைவு. பக்கங்களில் முக்கோணத் திறப்பு விட்டு இருபுறம் மட்டும் சரித்த கூரையைவிட, நாற்புறமும் சரிந்த கூரை புயலைத் தாங்கும் என்பதை இன்றைய பொறியியலும் ஒப்புக்கொள்கிறது. சரிவும் மிகத் தட்டையாக இருத்தல் கூடாது. 10 அடி ஓட்டத்துக்கு 4 முதல் 6 அடி வரை உயரம் இருத்தல் நன்று. இருபுறச் சரிவுள்ள வீடாயின், அந்த முக்கோணத் திறப்புகளைப் பருவத்துக்கு முன் கீற்றுத் தட்டியாலோ பலகையாலோ இறுக அடைத்துவிடவேண்டும். சுவருக்கும் கூரைக்கும் இடையே உள்ள சந்துகளுக்கும் இதுவே விதி.

கீற்றுக் கூரையின்மேல் போர்த்துவதற்கு இவ்வூரில் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைக்காத ஒரு பொருள் உண்டு. அது கழித்துப்போட்ட மீன்வலை. கூரை முழுவதையும் மூடுமாறு பழைய வலையைப் போர்த்தி, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகவும், மூலைக்கு மூலை சாய்வாகவும் கயிறுகளை ஓட்டி, கயிற்றின் நுனிகளைத் தரையில் கட்டினால், தனித்தனியாகக் கிழிந்து பறக்கக்கூடிய கீற்றுகள் யாவும் ஒரே போர்வைக்குள் அடங்கிவிடுகின்றன. வலையின் கண் வழியே காற்று புகுந்து போவதால் வலையையே காற்று தூக்குவதில்லை. உள்நாட்டு ஊர்களில் உள்ளவர்கள் காசு கொடுத்துக் கயிற்றுவலை பின்னவேண்டியிருக்க, கடற்கரை ஊர்களில் இது குப்பைமேட்டில் கிடக்கிறது. கடலில் எறிந்தால் மீனுக்கும் ஆமைக்கும் கேடு செய்யும் பொருள் கூரையில் ஏறினால் குடும்பத்தைக் காக்கிறது. உட்புறத்து விவசாயத் தொழிலாளர் தெருக்களுக்கும் இந்த வலைகளைச் சேகரித்துக் கொடுப்பதை ஊராட்சி மேற்கொள்ளலாம்.

கயிற்றை எங்கே கட்டுவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். ஜன்னல் கம்பியிலோ, தென்னை மரத்திலோ கட்டலாகாது. காற்றில் மரம் ஆடும்போது, மரமே கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். தரையில்தான் கட்டவேண்டும். ஆனால் இங்கே தரை மணல். மணலில் நேராக அறைந்த முளை ஓர் இழுப்பில் கையோடு வந்துவிடும் என்பதைப் படகு கட்டுவோர் அறிவார்கள். ஆகையால் முழங்கை நீளமுள்ள ஒரு கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, அக்கட்டையைப் படுக்கை வாட்டில் 3 அடி ஆழத்தில் புதைத்து, மண்ணை நனைத்து மிதித்துவிடவேண்டும். கட்டையின்மேல் உள்ள மண் முழுவதும் கயிற்றுக்குக் காவல் ஆகும். தேங்காய்நார்க் கயிறு ஆனால் ஆண்டுதோறும் மாற்றவேண்டும்; நைலான் கயிறு வெயிலில் சில ஆண்டுகளுக்குப் பிறகு நைந்து நொறுங்கும். இரு கையால் முறுக்கிப் பார்த்து, தூள் உதிர்ந்தால் அதைக் கொடியாகத் துணி உலர்த்தப் பயன்படுத்திக்கொள்ளலாம், கூரைக்கு வேண்டா.

ஓட்டு வீட்டுக்கு வருவோம். சீமை ஓடு கனமானது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிலோ வரை இருக்கும். இந்தக் கனத்தால் சாதாரணக் காற்றில் அசையாது. கடும் புயலில் இறவாரத்து ஓடு முதலில் எழும்பும். பறக்கும் ஓடு கத்திக்குச் சமம். ஓட்டின் அடிப்புறத்தில் கம்பி கோப்பதற்கென்றே துளையுள்ள முளை பல ஓடுகளில் இருக்கிறது. நூறு வீட்டில் ஒரு வீட்டில்கூட அத்துளையில் கம்பி கோத்திருப்பதைக் காண்பது அரிது. இறவாரத்தின் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, பக்க ஓரங்கள் ஆகியவற்றில் ஒவ்வோர் ஓட்டையும், நடுவில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையையும், துரு ஏறாத கட்டுக்கம்பியால் ரீப்பரோடு கட்டவேண்டும். 300 சதுர அடி வீட்டுக்கு இரண்டு மூன்று கிலோ கம்பியும், இரண்டு ஆட்களின் ஒரு நாள் உழைப்பும் போதும். வீட்டின் உள்ளே ஏணி போட்டு நின்றே இவ்வேலையை முடிக்கலாம். கூரைமேல் ஏறவேண்டிய தேவையும் இல்லை. முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பூசிவிடுவது எல்லோரும் அறிந்ததே.

தகரக் கூரையும், சிமெண்டு அட்டைக் கூரையும் இன்று பெருகிவிட்டன. கஜா புயலுக்குப் பிறகு கீற்றை விட்டு இவற்றுக்கு மாறியவர்கள் பலர். கீற்றைவிட இது பாதுகாப்பு என்ற நம்பிக்கை முழுதும் சரியன்று. கீற்று பறந்தால் வீட்டுக்காரருக்கு மட்டுமே நட்டம். தகரம் பறந்தால் தெருவுக்கே ஆபத்து. ஆஸ்திரேலிய நாட்டின் வடகரையில் டார்வின் என்றொரு நகரம் உண்டு. 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் டிரேசி என்னும் புயல் அந்நகரைத் தாக்கி வீடுகளிற் பெரும்பாலானவற்றை அழித்தது. அது செல்வ நாடு. வீடுகள் திட்டப்படி கட்டப்பட்டவை. பின்னர் பொறியியலறிஞர்கள் ஆராய்ந்தபோது, தகரங்கள் ஒரே இழுப்பில் பிய்ந்துபோகவில்லை என்று கண்டார்கள். காற்று மணிக்கணக்காகத் தூக்குவதும் விடுவதுமாக இருந்ததால், திருகாணியின் தலையைச் சுற்றியிருந்த தகரம் வளைந்து வளைந்து வெடித்து, ஆணி மரத்திலேயே நிற்க, தகரம் மட்டும் கழன்று போயிருந்தது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதில்லையா? அதுவே இது. அதன்பின் அந்நாட்டில் கூரை கட்டும் விதிகளையே மாற்றினார்கள்.

இதிலிருந்து நாம் கைக்கொள்ளவேண்டியது யாதெனில், ஆணியும் கொக்கி போல்ட்டும் தகரத்தை நேராகத் தொடக்கூடாது. அகன்ற வாசர் வைத்தே முடுக்கவேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும், நடுவில் உள்ளதைப்போல் இருமடங்கு போல்ட் வேண்டும். ஓர வரிசையில் வாசருக்கடியில் நீளமாக ஒரு பட்டை இரும்பை ஓட்டி, அதன் வழியே போல்ட்டுகளை இறக்கினால் இழுப்பு எங்கும் பரவி நிற்கும். போல்ட்டை அட்டையின் மேட்டில் போடவேண்டும், பள்ளத்தில் போட்டால் நீர் ஒழுகும். இவ்வூரில் உப்புக்காற்று போல்ட்டை வாசருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரித்துவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை ஸ்பானர் போட்டுத் திருகிப் பாருங்கள். சுற்றிக்கொண்டே போகும் போல்ட்டும், கையோடு ஒடியும் போல்ட்டும் உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடும். சிமெண்டு அட்டைமேல் நேராகக் கால் வைத்தால் அது உடைந்து கீழே விழநேரும். பலகை போட்டு அதன்மேல் நிற்கவேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைத் துளையிடும்போது தண்ணீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளவேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்வது.

எந்தக் கூரையானாலும் இறவாரம் சுவரைவிட்டு ஒன்றரை அடிக்குமேல் நீளாமலிருப்பது நல்லது. நீண்ட தாழ்வாரம் வேண்டுவோர், அதைத் தலைக்கூரையின் தொடர்ச்சியாக இழுக்காமல், சற்றுத் தாழ்வாகத் தனிக் கூரையாகப் போடவேண்டும். தாழ்வாரத்தைக் காற்று பிய்த்தாலும் தலைக்கூரை தப்பும்.

மாடி வீட்டார் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடலாகாது. மொட்டைமாடியின் நீர்ப்போக்கிகளில் தென்னஞ்சருகு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். காலியான பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி பந்துபோல உருண்டு பறக்கும். 1,000 லிட்டர் நீர் நிரம்பியிருந்தால் அது ஒரு டன் எடையோடு அசையாமல் இருக்கும், புயலுக்குப் பின் குடிக்கவும் உதவும். பழைய சாமான்களை மாடியில் போட்டுவைக்கும் வழக்கத்தை இந்த இரண்டு மாதமாவது விட்டொழிக்கவேண்டும்.

கதவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்தால் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போய்விடும், கூரை தப்பும் என்கிறார்கள். உள்ளே நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலிருந்து உறிஞ்சும் காற்றோடு அது சேர்ந்துகொள்கிறது. எல்லாவற்றையும் மூடி, கதவுக்குக் குறுக்குக் கட்டை போடுவதே முறை. காற்று ஒரு திசையிலிருந்துதான் வரும் என்றும் எண்ணவேண்டாம். நம் பக்கத்துப் புயல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. அது நகர நகரக் காற்றின் திசை மாறும். மையம் ஊருக்கு நேராக வந்தால், நடுவே சிறிது நேரம் காற்று அடியோடு ஓய்ந்து, பின் எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தோடு திரும்பும். ஓய்வு கிடைத்ததென்று அந்த நேரத்தில் கூரையைச் சரிசெய்ய வெளியே வருவது பேராபத்து. கூரையின் நான்கு பக்கங்களையும் ஒரே கவனத்தோடு கட்டவேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

தென்னை உழவர்கள் ஒன்று செய்யவேண்டும். வீட்டுக்கு மேல் சாய்ந்த மரங்களை இப்பொழுதே நீக்குங்கள். மற்ற மரங்களில் முற்றிய காய்களையும், தொங்கும் அடிமட்டைகளையும், காய்ந்த பாளைகளையும் இறக்கிவிட்டால், தலைப்பாரம் குறைந்து மரமும் ஓரளவு தப்பும், கீழேயுள்ள வீடும் தப்பும். இறக்கிய மட்டையைத் தோப்பில் குவித்துவைக்காமல் கிடுகாகப் பின்னினால் கூரை வேலைக்கே ஆகும்.

இனி, இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் செய்வதில்லை என்ற கேள்விக்கு வருவோம். மறைக்காமல் பேசினால் மூன்று தடைகள் உள்ளன. ஒன்று, சோம்பல், அதைப் பற்றி நாம் பேசவேண்டியதில்லை. மற்ற இரண்டும் நியாயமான அச்சங்கள்.

கூரையைப் பழுதுபார்த்தால் அரசாங்கத்தின் வீட்டுத் திட்டப் பட்டியலிலிருந்து தம் பெயர் விடுபட்டுப்போகுமோ என்று ஏழைகள் சிலர் அஞ்சுகிறார்கள். குடிசைகளைக் காரை வீடுகளாக மாற்ற 2010இலும், பின்னர் 2024இலும் மாநில அரசு திட்டங்கள் வகுத்தது. மத்திய அரசின் திட்டமும் 2016 முதல் உண்டு. வீடு கிடைக்க இன்னும் ஓர் ஆண்டோ, இரண்டு ஆண்டோ ஆகுமென்றால், அதற்கிடையில் வரும் ஐப்பசியும் கார்த்திகையும் காத்திருக்குமா? கீற்றின்மேல் மீன்வலை போட்டதனால் குடிசை மாளிகையாகிவிடாது. இவ்வச்சத்தைப் போக்கவேண்டியது ஊராட்சி உறுப்பினர்களின் கடமை. பழுதுபார்க்கு முன்னரே குடிசைகளின் விவரத்தைக் கிராம சபையில் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவிட்டால், வீட்டுக்காரர் நிம்மதியாகக் கயிற்றைக் கட்டுவார்.

மற்ற அச்சம், தம் பெயரில் மனையில்லாதவருடையது. புறம்போக்கிலும், பிறர் தோப்பின் ஓரத்திலும் குடியிருப்பவர், நாளை எழுந்துபோகச் சொன்னால் என்ன செய்வது என்று எண்ணி ஒரு ரூபாயும் செலவிடத் தயங்குகிறார். அவருக்கு ஏற்றது, கழற்றி எடுத்துப்போகக்கூடிய கயிறும் வலையுமே. தோப்புக்குரியவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் நிலத்தில் குடியிருந்து உங்கள் காயை இறக்குகிற குடும்பத்துக்கு ஒரு சுருள் கயிறு வாங்கிக் கொடுங்கள். ஒரு மரத்துக் காயின் விலை அதற்குப் போதும்.

ஊராட்சி செய்யத்தக்கவை பெரிய செலவுக்குரியவை அல்ல. ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2ஆம் நாள் மறுமுறை கூடுகிறது. இந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையேயுள்ள ஏழு வாரங்களே நமக்குரிய காலம். ஆகஸ்டுக் கூட்டத்தில் தெருவுக்கு இருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுள் ஒருவர் தச்சு வேலையோ கொத்து வேலையோ அறிந்தவராக இருக்கட்டும். மற்றவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருந்தால் வீட்டுக்குள் சென்று பார்க்க எளிது. அவர்கள் வீடுவீடாகச் சென்று, தூண், உத்திரக் கட்டு, ஓரம், முகடு இவற்றைப் பார்த்து, கட்டு மட்டும் போதுமானவை, மரம் மாற்றவேண்டியவை, ஆட்களை வெளியேற்றியே தீரவேண்டியவை என்று மூன்று பட்டியல் எழுதட்டும். கம்பியையும் கயிற்றையும் ஊருக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வாங்கமுடியாத விதவைகளுக்கும் முதியவர்களுக்கும் அந்த மிச்சத்திலேயே கொடுத்துவிடலாம். அக்டோபர் 2ஆம் நாள், எத்தனை கூரை கட்டியாயிற்று என்பதைத் தெருவாரியாகப் படியுங்கள். தன் தெரு பின்தங்கியதைப் பலர் முன்னிலையில் கேட்பவர், மறுநாளே ஏணியைத் தேடுவார்.

மூன்றாம் பட்டியலைப் பற்றி இன்னும் ஒன்று. நன்றாகக் கட்டிய கீற்றுக் கூரையும் ஓட்டுக் கூரையும் வீட்டுச் சாமான்களைக் காப்பதற்கே. கடும் புயலில் மனிதர் அதன்கீழ் தங்குவதற்கன்று. கூரைக்குக் காவலாக ஆடவர் ஒருவர் வீட்டில் தங்கிவிடும் வழக்கம் இக்கரையில் உண்டு. காற்று தூக்கும் கூரையை ஒருவர் கயிற்றைப் பிடித்து நிறுத்த முடியாது என்பதற்கு மேலே சொன்ன 2 டன் கணக்கே சான்று. எச்சரிக்கை வந்தவுடன், பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ குடும்பம் முழுவதும் போய்விடவேண்டும். ஆடு மாடுகளின் கயிற்றை அவிழ்த்து மேட்டில் விடவேண்டும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; அதைக் கதவின் உட்புறத்தில் கரியால் எழுதிவையுங்கள்.

திரும்பி வந்ததும் நேரே கூரைமேல் ஏறாதீர்கள். அறுந்த மின்கம்பி தகரத்தின்மேல் கிடக்கலாம். மின்சாரம் நிறுத்தப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, உத்திரமும் கைமரமும் அசைகின்றனவா என்று கீழிருந்து கழியால் தட்டிப் பார்த்த பின்னரே ஏணி வைக்கவேண்டும். தார்ப்பாய் போடுவதானால் முகட்டைத் தாண்டி மறுசரிவிலும் இரண்டு அடி இறங்குமாறு போட்டு, அதன் ஓரங்களை ஒரு கழியில் சுற்றி, அந்தக் கழியைக் கைமரத்தோடு கட்டுங்கள். ஓரத்தில் துளை போட்டுக் கட்டிய தார்ப்பாய் அடுத்த காற்றிலேயே கிழிந்துவிடும்.